பிழைபொறுத்தலின் இரு திசைகள்: சீறாப்புராணமும் குணங்குடியார் பாடல்களும்

ஆய்வுச்சுருக்கம்

இசுலாமிய அறநெறியில் மன்னித்தல் இரு நிலைகளில் அமைகிறது. ஒன்று மனிதன் மனிதனுக்குச் செய்வது. மற்றொன்று அடியான் இறைவனிடம் வேண்டிப் பெறுவது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் முன்னதையும், வடசென்னை இராயபுரத்தில் வாழ்ந்து அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் பின்னதையும் முதன்மைப்படுத்துகின்றன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதே தமிழ் இசுலாமிய இலக்கியத்தில் இவ்வறம் பெற்ற முழு வடிவம் புலனாகும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மன்னித்தல், பொறை, தௌபா, சீறாப்புராணம், குணங்குடி மஸ்தான், இராயபுரம்.

முன்னுரை

இசுலாத்தில் மன்னிப்பு என்றதும் கி.பி. 630இல் நிகழ்ந்த மக்கா வெற்றியே முதலில் நினைவுக்கு வரும். தம்மைப் பிறந்த ஊரைவிட்டு வெளியேறச் செய்த குறைசியரை, வென்ற நாளில் நபிகள் நாயகம் பொதுமன்னிப்பு அளித்து விடுவித்தார். ஆனால் சீறாப்புராணத்தில் இந்நிகழ்ச்சி இடம்பெறவில்லை. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5000க்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட அக்காப்பியம், உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் 1732இல் சின்னச் சீறாவாகப் பாடினார். அறங்களைப் பட்டியலிட்டு அவற்றுக்குக் காப்பியச் சான்று தேடும் ஆய்வுமுறை இவ்விடத்தில் இடறக்கூடும். மன்னித்தலின் மிகப்பெரும் நிகழ்வு இல்லாத காப்பியத்தில் அவ்வறம் எங்கே, எவ்வடிவில் உள்ளது என்பதே கேட்க வேண்டிய வினாவாகும்.

சொல்லும் பொருளும்

மன்னித்தலைக் குறிக்கத் திருக்குர்ஆன் ஆளும் சொற்களுள் இரண்டு இன்றியமையாதவை. ‘அஃபு’ என்பது சுவடின்றி அழித்தல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. ‘மக்ஃபிரத்’ என்பது மறைத்தல், மூடிக் காத்தல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. தலைக்கவசத்தைக் குறிக்கும் அரபுச்சொல்லும் இவ்வேரினதே. தமிழின் ‘பொறுத்தல்’ சுமை தாங்குதலைக் குறிப்பது. தன்னை அகழ்வாரைத் தாங்கும் நிலத்தைத் திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம் உவமையாக்குவதும் இதனாலேயே. அரபுச்சொற்களில் பிழை மறைகிறது. தமிழ்ச்சொல்லில் பிழைக்கு ஆளானவர் அதன் பாரத்தைத் தாங்குகிறார். இறைவனை நோக்கிப் ‘பிழை பொறுத்தருள்க’ என்று தமிழ் முஸ்லிம் பாடும்போது, அழித்தலும் மறைத்தலும் ஆகிய பொருள்கள் தாங்குதல் என்னும் சொல்லுக்குள் வந்து சேர்கின்றன. இதனை வெறும் மொழிபெயர்ப்பாகக் கருதுவது பொருந்தாது. ஒரு கருத்து வேறொரு மொழியின் அறமரபுக்குள் குடியேறிய நிலை இது.

சீறாவில் மன்னிப்பு

ஹிஜ்றத்தின்போது நபிகளைப் பிடித்துத் தருவோர்க்கு நூறு ஒட்டகங்கள் பரிசு என்று குறைசியர் அறிவிக்க, அதனை விரும்பிச் சுறாக்கத்து குதிரையேறிப் பின்தொடர்கிறான். அவன் குதிரையின் கால்களை நிலம் பற்றிக்கொள்கிறது. அடைக்கலம் வேண்டியவன் விடுவிக்கப்படுகிறான். இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, மன்னிப்பவர் நாட்டையும் படையையும் உடைய வேந்தர் அல்லர். உயிர்காக்க ஊர்விட்டுச் செல்பவர். மக்கா வெற்றியில் வென்றவரின் பெருந்தன்மை வெளிப்படுகிறது. இங்கோ துரத்தப்பட்டவரின் பொறை வெளிப்படுகிறது. மற்றொன்று, தமிழ்மரபில் பொறைக்கு உவமையாகிய நிலம், இப்படலத்தில் பகைவனைப் பற்றி நிறுத்துகிறது. நிலம் பொறாத இடத்தில் நபிகள் பொறுக்கிறார். குறளைக் கற்ற தமிழ்வாசகர்க்கு இம்மாற்றம் தனிச்சுவை தரும்.

எனினும் இக்காப்பியம் மன்னித்தலை நீதிக்கு மாற்றாக வைக்கவில்லை. உறனிக் கூட்டத்தார் அடைக்கலம் பெற்றபின் மேய்ப்பரைக் கொன்று ஒட்டகங்களைக் கவர்ந்தவர்கள். அவர்கள் தண்டனைக்கு உள்ளாகின்றனர். தீமைக்கு அதற்கு நிகரான பதிலைத் திருக்குர்ஆன் (42:40) அனுமதிக்கிறது. மன்னித்து இணக்கம் செய்பவர்க்கு இறைவனிடம் கூலி உண்டு என்று அதனினும் உயர்ந்த வழியையும் காட்டுகிறது. தண்டிக்கும் உரிமை உள்ள இடத்திலேயே மன்னித்தல் அறமாகிறது. காப்பியம் நின்ற இடம் தற்செயலானது எனினும், இவ்விரு படலங்களையும் ஒருங்கே வாசிப்பது இன்றியமையாதது.

குணங்குடியாரின் வேண்டல்

தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் துறவு பூண்டு சென்னைக்கு வந்து, இராயபுரம் பகுதியில் தங்கித் தவவாழ்வு மேற்கொண்டார். அவரது தர்கா அங்கேயே உள்ளது. ‘தொண்டியார்’ என்று மக்கள் அவரை அழைத்ததனால் தண்டையார்பேட்டை என்னும் பெயர் அமைந்தது என்பது ஊர்வழக்கு. பராபரக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி, றகுமான்கண்ணி முதலியவற்றில் அவர் சைவமரபுச் சொற்களைத் தயக்கமின்றி ஆள்கிறார். இதனால் அவர் ‘இசுலாமியச் சித்தர்’ எனப்படுகிறார். அவர் பாடல்களில் உள்ள தன்னிழிவுரைகள் சித்தர் மரபின் வாய்பாடாகக் கொள்ளப்படுகின்றன.

இவ்வாசிப்பு முழுமையானதன்று. சைவ சித்தாந்தத்திலும் அருள் வினையை நீக்கும். ஆயின் இருவினையொப்பு, மலபரிபாகம் ஆகிய படிகளைக் கடந்தே சத்திநிபாதம் நிகழும். தௌபாவில் அத்தகைய காத்திருப்பு இல்லை. வருந்துதல், பிழையை விடுதல், மீளச் செய்யாமைக்கு உறுதி பூணுதல் ஆகியன போதும். இறையருளில் நம்பிக்கை இழக்கலாகாது என்பது திருமறையின் ஆணை (39:53). தன்னை இழித்துரைக்கும் பாடகர், கண்ணிதோறும் ‘றகுமான்’ என்னும் அருளின் பெயரையே விளித்து முடிப்பதை இப்பின்னணியில் காண வேண்டும். இழிவுரை தொடங்கிவைக்கும் அச்சத்தை விளி நம்பிக்கையாக மாற்றுகிறது. ஆகவே அத்தன்னிழிவை வாய்பாடாக மட்டும் கொள்ளாமல், பாவமன்னிப்பு வேண்டும் இஸ்திக்ஃபாரின் தமிழ் வடிவமாகவும் கொள்ளுதல் பொருந்தும்.

எஞ்சும் இடைவெளி

பிறர் உரிமையைப் பறித்த பிழைக்கு மேற்கூறிய மூன்றும் போதா. உரிமையைத் திருப்பியளித்து, பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புப் பெறுதலும் வேண்டும் என்பது இசுலாமிய அறநூலார் கொள்கை. குணங்குடியார் பாடல்களில் இறைவனும் அடியானும் எதிரெதிர் நிற்க, தீங்குற்ற அயலார் பெரும்பாலும் காட்சியில் இல்லை. துறவியின் குரல் என்பதால் இது இயல்பே. எனினும் இது ஒரு வரையறையும் ஆகும். சீறாவில் அவ்வயலார் இருக்கிறார். நபிகளே அந்நிலையில் நின்று பகைவனுக்கு விடுதலை தருகிறார்.

முடிவுரை

சீறாவை அறச்சான்றுகளின் தொகுப்பாக மட்டும் படித்தால் மன்னித்தலோடு இணைந்த நீதி மறைந்துபோகும். குணங்குடியாரைச் சித்தராக மட்டும் படித்தால் மன்னிப்பு வினைக்கொள்கையுள் கரைந்துபோகும். ‘நான் பொறுக்கிறேன்’ என்பதும் ‘என்னைப் பொறுத்தருள்க’ என்பதும் ஓரறத்தின் இரு திசைகள். பிறரை மன்னியுங்கள், இறைவன் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா என்னும் திருக்குர்ஆன் கருத்து (24:22) இவ்விரண்டையும் ஒரே வினாவில் இணைக்கிறது. தமிழில் அவ்வினாவின் ஒரு பாதியைக் காப்பியமும் மறுபாதியை இராயபுரத்துத் துறவியின் கண்ணிகளும் ஏந்தி நிற்கின்றன.