எங்கிருந்து அளந்த உயரம்?

திருவண்ணாமலை தீப மலையின் உயரம் 2,668 அடி என்று எங்கள் ஆரணிப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். கிரிவலப் பாதையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர், தலைக்கு மேல் அத்தனை அடிக்கு மலை நிற்பதாகவே நினைத்துக்கொள்வார். ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து எண்ணிய கணக்கு. ஊரே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 170 மீட்டரில், அதாவது 550 அடிக்கு மேல் இருக்கிறது. தீபத்துக்கு நெய் சுமந்து செல்பவர் ஏறுவது ஏறத்தாழ 2,100 அடி. எண்ணில் பிழையில்லை, எங்கிருந்து அளந்தது என்று சொல்லாததால் பொருள் பிசகுகிறது. மலைகளையும் கணவாய்களையும் செயற்கைக்கோள் கருவியால் அளக்கும் இன்றைய முறையை எடைபோடவும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

மலை அளப்பது தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. 1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அங்கே பிறந்த பெரும் முக்கோண அளவை, குன்றுக்குக் குன்று தாவித்தான் மேற்கே மைசூர்ப் பீடபூமிக்குப் போனது. கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் உயரே ஏற்றும்போது கயிறு அறுந்து அது சேதமடைந்தது. அந்த முறைக்கு ஒரு பெருமை உண்டு: ஏற முடியாத சிகரத்தையும் தொலைவிலிருந்து கோணம் பிடித்து அளந்துவிடலாம். குறை, காற்றில் ஒளி வளைவதால் கோணம் பிசகுவது.

இன்றைய கருவி அந்தச் சிரமங்களைப் பெரிதும் நீக்கிவிட்டது. உயரம் தெரிந்த இடத்தில் ஒரு கருவி, அளக்க வேண்டிய இடத்தில் கோலின் மேல் இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் பல செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைப் பிடிக்கின்றன. ஒன்றின் பிழையைக் கொண்டு மற்றதைத் திருத்துகிறார்கள். ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்று கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. திறந்த வானமும் பொறுமையும் இருந்தால் சில சென்டிமீட்டர் பிசகுக்குள் விடை கிடைக்கும். இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் நிறுவிவரும் நிரந்தர நிலையங்கள் வேலையை இன்னும் எளிதாக்கியிருக்கின்றன. இன்னொருவர் போய் அளந்து சரிபார்க்கலாம் என்பதே இதன் பெரிய பலம். எங்கள் பகுதியின் பருவதமலை, மலைபடுகடாம் பேசும் நவிர மலை என்று கருதப்படுவது. அதற்கு 4,500 அடிக்கு மேல் என்றொரு எண், அளந்தவர் யார், எந்த ஆண்டில் என்ற விவரமில்லாமலே கைமாறி வருகிறது. அத்தகைய எண்களைச் சோதிக்க நல்ல கருவி இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இனிக் குறைகள். செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலே மட்டுமே இருக்கின்றன. காலுக்குக் கீழே பூமி மறைத்துவிடுகிறது. அதனால் பக்கவாட்டு அளவைவிட உயர அளவில் பிசகு எப்போதும் கூடுதல்.

அடுத்தது, இதைவிடப் பெரியது. கருவி நேரடியாகத் தருவது கடல் மட்டத்திலிருந்து உயரமல்ல. பூமிக்குப் பதிலாக வைத்துக்கொண்ட, துருவங்களில் சற்றே தட்டையான ஒரு கணித உருவத்திலிருந்து உயரம். எங்கள் வட்டாரத்தில் ஈர்ப்பு விசை வகுக்கும் கடல் மட்டம் அந்த உருவத்துக்கு 80 முதல் 90 மீட்டர் வரை கீழே கிடக்கிறது. ஆரணி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 150 மீட்டர். திருத்தம் செய்யாத ஒரு செயலியை மொட்டை மாடியில் திறந்தால் 60, 70 என்று காட்டும். சென்னைக் கடற்கரையில் அதே செயலி, கடலுக்கடியில் நிற்பதுபோல மைனஸ் எண்ணைக் காட்டும். ஜியாய்டு என்னும் ஈர்ப்பு மட்ட மாதிரியைக் கொண்டு திருத்தினால்தான் உண்மை உயரம் வரும்.

நீர் விஷயத்தில் இது உயிர்நாடி. கமண்டல நாகநதியிலிருந்து ஏரிக்கும், ஏரிக் கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்கும் தண்ணீர் ஓடுவது ஈர்ப்பின் வழியே. ஓரிரு சாண் பிசகினால் கால்வாய் எதிர்ப்பக்கம் சரியும். அங்கே மட்டக்கோல் வைத்து அடிக்கு அடி அளக்கும் பழைய முறைக்கு இன்றும் மாற்றில்லை.

கணவாய் இன்னொரு சோதனை. ஜவ்வாது மலையின் காட்டுப் பாதைகளில் மரக்கிளைகளும் பாறைச் சரிவும் வானத்தை மறைக்கின்றன. பாறையில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை கருவியை ஏமாற்றுகிறது. திருத்தம் கொண்டுவரும் கைபேசி இணைப்பும் அறுந்துபோகிறது. 1767இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிய செங்கம் கணவாயோ அகன்றது, வானம் திறந்தது. அங்கே சிக்கல் வேறு: இருபுறமும் நீர் பிரியும் இடம் எது? சாலை போட வெட்டியும் நிரப்பியும் தரையே மாறியிருக்கிறது. கோலை எங்கே ஊன்றுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நல்ல முன்மாதிரி உண்டு. நேபாளக் குழு 2019இல் எவரெஸ்ட் உச்சிக்குக் கருவியைக் கொண்டுபோனது. அதை மட்டும் நம்பவில்லை. கீழிருந்து மட்ட அளவை, ஈர்ப்பு அளவை, உச்சிப் பனியின் கனம் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து 8,848.86 மீட்டர் என்று அறிவித்தன. பாவு மட்டும் சேலையாகாது, ஊடையும் ஓட வேண்டும் என்பது ஆரணித் தறிக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செயற்கைக்கோள் அளவை பாவு என்றால், மட்ட அளவையும் ஈர்ப்பு அளவையும் ஊடை.

ஆகவே என் தீர்ப்பு இது: முறை நல்லது, எண்ணை மட்டும் தனியே வெளியிடும் பழக்கம் கெட்டது. களம்பூரிலிருக்கும் ஆரணி ரோடு நிலையம் உட்பட ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகைகளில் ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து என்று குறிப்பிட்டே உயரத்தை எழுதுவது பழைய வழக்கம். நம் மலைகளுக்கும் கணவாய்களுக்கும் அப்படிப் பலகை வையுங்கள். எந்த மட்டத்திலிருந்து, எந்த ஆண்டில், எவ்வளவு பிசகுக்குள் என்ற மூன்றையும் அதில் எழுதுங்கள்.