கலக்டஸின் தூதன்

சித்திரக்கதைகளைப் பற்றி முற்போக்கு எழுத்தாளர் பேசியதெல்லாம் பெரும்பாலும் கண்டனமாகவே இருந்து வந்துள்ளது. அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. 1964இல் பம்பாயிலிருந்து வெளிவரத் தொடங்கிய இந்திரஜால் வரிசை, கற்பனைக் காடொன்றிலே கறுப்பின மக்களுக்குக் காவல் தெய்வமாக வீற்றிருக்கும் வெள்ளை முகமூடி வீரனை நம் பிள்ளைகளின் கையில் கொண்டுவந்து சேர்த்தது. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தனது முதல் இதழாக வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’யும் பிரித்தானியச் சரக்கே. ஆயினும், கண்டிப்பதற்கு முன் படித்தல் வேண்டும். சிலி நாட்டில் அலெண்டேயின் ஆட்சிக் காலத்திலே, 1971இல், அரியல் டோர்ஃப்மனும் ஆர்மன்ட் மட்டலாரும் டொனால்ட் வாத்தின் கதைகளை அமர்ந்து படித்து, அவற்றுள் ஒளிந்திருந்த ஏகாதிபத்தியத்தின் முகத்தை ஒரு நூலாக எழுதிக் காட்டினர். நம்மிடையே அத்தகைய உழைப்பு அரிது. ‘நச்சிலக்கியம்’ என்ற ஒரு சொல்லோடு நாம் கடமையை முடித்துக்கொண்டோம்.

சித்திரக்கதைகளுள்ளும் வேறு வகையானவை உண்டு. அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1966ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல், மே மாதங்களுக்கென வெளியிட்ட ‘ஃபன்டாஸ்டிக் ஃபோர்’ 48, 49, 50ஆம் இதழ்கள் அத்தகையன. விலை 12 சதம். எழுதியவர் ஸ்டான் லீ. வரைந்தவர் ஜாக் கேர்பி. 2025 யூலையில் இக்கதையைத் தழுவிய திரைப்படம் ஒன்று வெளியாயிற்று. அதைக் கைத்தொலைபேசியிற் பார்த்துவிட்டு வகுப்பறை வாயிலில் நின்று மாணவர் நடத்திய விவாதமே மூல இதழ்களை மீண்டும் எடுத்துப் படிக்கத் தூண்டிற்று. மூன்றனுள்ளும் நடுவில் நிற்கும் 49ஆம் இதழே என்னை நெடுநேரம் பிடித்து நிறுத்தியது.

கதை எளியது. கலக்டஸ் என்னும் பேருருவன் விண்வெளியில் அலைகின்றான். கோள்களின் உயிராற்றலை உறிஞ்சி உண்பதே அவன் வாழ்வு. அவனுக்கு முன்னே, வெள்ளி மேனியனாய், கடலலையில் சறுக்கும் பலகை போன்ற ஒன்றின்மேல் நின்றபடி, ஒருவன் விண்ணைக் கடந்து வருகின்றான். உண்ணத் தகுந்த கோள் எது என்று தேடிக் கண்டு, தலைவனுக்குச் சைகை காட்டுவது அவன் தொழில். அவன் பூமியைக் கண்டுபிடிக்கின்றான். கலக்டஸ் வந்திறங்கி, நியூயோர்க் நகரின் கட்டடமொன்றின் உச்சியிலே தன் உறிஞ்சு பொறியை நிறுவத் தொடங்குகின்றான். நால்வர் எதிர்க்கின்றனர். எதிர்ப்புப் பலிக்கவில்லை.

இவற்றுள் கலக்டஸை மட்டும் எடுத்துக்கொண்டால் அவன் நம் பாட்டிமார் கதைகளில் வரும் அரக்கனே. ஊரை விழுங்கும் பூதத்துக்கு எந்த மொழியிலும் பஞ்சமில்லை. புதுமை தூதனிடத்தில்தான் இருக்கிறது. கதைச் சுருக்கத்தை முதலிற் பேசி முடித்தபோது அதில் இத்தூதன் இருக்கவில்லை என்றும், வரைந்து வந்த பக்கங்களைப் பார்த்தபோதே பலகை மேல் நிற்கும் உருவத்தைத் தாம் கண்டதாகவும், இத்துணைப் பெரியவனுக்கு முன்னோடும் தூதன் ஒருவன் இருந்தாக வேண்டுமெனக் கேர்பி விளக்கியதாகவும் ஸ்டான் லீயே பலமுறை கூறியுள்ளார். ஓவியனின் கை கண்டுபிடித்த உண்மை இது. விழுங்குபவன் முதலில் தானே வருவதில்லை, ஒருவனை அனுப்புகின்றான். அனுப்பப்படுபவன் பசியற்றவன், பண்புள்ளவன், அழகன், அறிஞன். அவன் மேனியில் ஒரு சொட்டு இரத்தமும் இல்லை.

மன்னார்க் கரையில் இருந்துகொண்டு இதைப் படிப்பவனுக்கு இந்தத் தூதன் அந்நியனல்லன். லிவர்பூலில் விலங்கியற் பேராசிரியராயிருந்த வில்லியம் ஹேர்ட்மன், குடியேற்ற அரசின் வேண்டுகோளின் பேரில் 1902இல் இங்கு வந்து, வளைகுடாவின் முத்துப்பார்களை ஆராய்ந்தார். அவருக்கு உதவியாக ஜேம்ஸ் ஹோர்னல் வந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக அந்த அறிக்கை வெளியாயிற்று. கடலுயிர்களைப் பற்றி அறிய விரும்புவோர் இன்றும் மதிக்கும் நூல் அது. அதன் அறிவியலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஐந்தாம் தொகுதி வெளிவந்த அதே 1906இல்தான், முத்துக்குளிக்கும் உரிமை முழுவதும் 20 ஆண்டுக் குத்தகையாக, ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம், பிரித்தானியக் கம்பனியொன்றின் கைக்குப் போயிற்று. 1907ஆம் ஆண்டுக்குப் பின் நெடுங்காலம் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. முத்துப்பார்கள் இயல்பாகவே சில ஆண்டுகள் நிறைந்தும் பல ஆண்டுகள் வெறுமையாகவும் கிடப்பவை; ஆகவே பழி முழுவதையும் கம்பனியின் தலையிற் கட்டுவது நேர்மையாகாது. குத்தகைக் காலம் முடியுமுன்பே கம்பனி கலைந்தது. அரிப்புக் கரையில் முத்துக்குளிப்புக் காலங்களில் எழுந்த ஓலைக் கொட்டில் நகரும், மூச்சடக்கி மூழ்கியவரின் கூலியாகிய சிப்பிப் பங்கும் அக்காலத்தில் என்னவாயின என்பது அந்த ஐந்து தொகுதிகளுக்கு உரிய பொருளாக இருக்கவில்லை. தூதனின் கணக்கில் கோளின் ஆற்றல் உண்டு. கோளின் குடிகள் இல்லை.

நூற்றாண்டு கடந்தது. இத்தீவின் மணலில் இல்மனைட் உண்டென்று அவுஸ்திரேலிய முதலீட்டின் சார்பில் ஆட்கள் வந்து நிலத்தைத் துளையிட்டு மாதிரி எடுத்துச் சென்றனர். அவர்களும் பண்பானவர்களே. வெள்ளை வண்ணப்பூச்சுக்கு வேண்டிய மூலப்பொருள் கடல் மட்டத்துக்குச் சற்றே மேல் நிற்கும் இந்தத் தீவின் மணலில் இருக்கின்றதென்பது அவர்கள் குற்றமன்று. 2025 ஓகஸ்டில் மன்னார் நகரில் மக்கள் வீதியில் இறங்கியபோது, காற்றாலைகளோடு சேர்த்து இக்கனிய மண் அகழ்வையும் எதிர்த்தே குரலெழுப்பினர். தூதன் வந்துபோன தடத்தை அவர்கள் அடையாளம் கண்டுகொண்டனர் என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

இனி, 49ஆம் இதழின் உயிரான காட்சிக்கு வருவோம். சண்டையில் கூரையிலிருந்து வீழ்த்தப்பட்ட தூதன், அலீசியா என்னும் பெண்ணின் வீட்டுக் கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுகின்றான். அவள் சிற்பி, கண் பார்வையற்றவள், முகங்களை விரல்களால் அறிபவள். வந்தவன் யாரென்று கேட்குமுன் அவனுக்கு உண்ணக் கொடுக்கின்றாள். உண்பது என்றால் என்னவென்றே அறியாத அவன், பொருளைத் தொட்டு ஆற்றலாக மாற்றிக் காட்டுகின்றான். உலகங்களை அழிக்கின்றீர்களே என்று அவள் பதறும்போது, அழித்தல் என்பது வெறுஞ் சொல்லே, நாங்கள் மாற்றத்தான் செய்கின்றோம் என்ற பொருள்படப் பதிலளிக்கின்றான். அவன் பொய் கூறவில்லை. தான் சொல்வதை நம்புகின்றான். இதுவே காட்சியின் கொடூரம். ‘அபிவிருத்தி’, ‘பயன்பாட்டுக்குக் கொணர்தல்’, ‘மீள்குடியமர்த்தல்’ என்று கோப்புகளில் எழுதும் உத்தியோகத்தனும் பெரும்பாலும் நம்பித்தான் எழுதுகின்றான். அலீசியா வாதாடி வெல்வதில்லை. அவள் அவனுக்கு முன்னே உயிருள்ள ஒருத்தியாக நிற்கின்றாள், அவ்வளவே. கணக்கில் எழுதப்படாதிருந்தவளைத் தூதன் முதன்முறையாகக் காண்கின்றான். மலைபோன்ற பொறிகளையும், கரும்புள்ளிகள் குமிழியிடும் விண்வெளிச் சுடரையும் வரைந்து மகிழும் கேர்பியின் தூரிகை இங்கே ஓர் அறைக்குள் அடங்கிவிடுகின்றது. இரண்டு முகங்கள், ஒரு தட்டு உணவு. விருந்தோம்பலை அறமாகக் கொண்ட இலக்கியம் படித்தவர்க்கு இவ்விடத்தின் வலிமையை விளக்க வேண்டியதில்லை.

இடையில் ஒரு குறிப்பு. இக்கதையிலே ‘பார்வையாளன்’ என்றொரு முதியவன் வருகின்றான். அண்டத்தின் நிகழ்ச்சிகளையெல்லாம் பார்ப்பான். எதிலும் தலையிடேன் என்று விரதம் பூண்டவன். ஆபத்து வருமென அறிந்தும் விரதத்தைக் காக்க இயலாமல், பூமியை மறைக்க முயன்றும், பின்னர் கலக்டஸ் அஞ்சும் ஆயுதம் எங்குளதெனக் காட்டியும் தலையிட்டே விடுகின்றான். இலக்கியம் எதிலும் தலையிடலாகாது என்று இன்றுவரை கூறிவரும் நம் நண்பர் சிலர் இம்முதியவனைச் சந்திப்பது நலம்.

குறை எங்கேயென்றால் முடிவில். 50ஆம் இதழில் மனம் மாறிய தூதன் தலைவனை எதிர்க்கின்றான், தோற்கின்றான். நால்வருள் இளையவனான ஜொனி, பார்வையாளனின் உதவியால் கலக்டஸின் கலத்துக்கே சென்று ‘இறுதி அழிப்பான்’ என்ற சிறு கருவியைக் கொண்டு வருகின்றான். அண்டத்தையே ஒழிக்கவல்ல அதைக் காட்டி மிரட்டியதும் கலக்டஸ் உடன்பாட்டுக்கு இறங்கி வருகின்றான். 1962இன் கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து நான்காண்டே ஆகியிருந்த காலத்து அமெரிக்கச் சிந்தனை இது: பேரழிவைக் கையிலே வைத்திருப்பவனிடம்தான் பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு என்ற நம்பிக்கை. நகரத்து மக்கள் இம்மூன்று இதழ்களிலும் அண்ணாந்து பார்ப்பதும் ஓடுவதும் தவிர வேறொன்றும் செய்வதில்லை. உண்ணப்படவிருந்தவர் அவர்களே, ஆயினும் அவர்களுக்கு வாய் இல்லை. உலகம் பிழைத்ததும், இதழின் பாதியிலேயே, ஜொனி கல்லூரியிற் சேரும் கதை தொடங்கிவிடுகின்றது. மாத இதழ் வாணிபத்தின் அவசரம் என்று இதனை மன்னிக்கலாம். மக்களின் மௌனத்தை மன்னித்தல் எளிதன்று.

மறுத்த தூதனுக்குத் தண்டனை நாடுகடத்தல். விண்வெளி அவனுக்கு மூடப்படுகின்றது. பூமியே அவன் சிறை. 1968இல் அவனுக்கென்றே தொடங்கிய தனி இதழில் ஸ்டான் லீ இத்துயரை நீட்டி நீட்டி எழுதினார். தன் கோளைக் காப்பதற்காகவே அவன் கலக்டஸின் பணியை ஏற்ற தியாகி என்ற பழங்கதையும் அப்போதுதான் சேர்ந்தது. என் கருத்தில் அது மூலத்தின் கூர்மையை மழுக்கியது. 1966இன் தூதன் ஏன் பணி செய்தான் என்று கேட்டவனல்லன். அதனாலேயே நமக்கு நெருங்கியவன். தியாகியாக்கப்பட்டவனோ நாம் இரங்குவதற்குரியவன் மட்டும். மேலும், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது ஊரோடு பெயர்ந்து, புத்தளத்துக் கொட்டில்களிலே ஒரு தலைமுறையை வளர்த்த எருக்கலம்பிட்டியில், பெயர்வு என்பது தனியொருவன் மலையுச்சியில் நின்று பேசும் தன்னுரையாக ஒலிப்பதில்லை. அங்கே அது குடும்ப அட்டை, தண்ணீர் வரிசை, பிள்ளையின் பள்ளிக்கூட இடமாற்றம். ஸ்டான் லீயின் புலம்பலில் இவை இல்லை.

அந்த 1968ஆம் ஆண்டுத் தனி இதழைக் கேர்பி வரையவில்லை. ஜோன் புஸேமா வரைந்தார். தூதனைத் தன் தாளில் முதன்முதலிற் கண்டவன் வெளியே நின்றான். நியூயோர்க்கின் ஏழைக் குடியேறிகளின் தெருவிலே 1917இற் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் பிரான்சிற் போரிட்டு வந்த இத்தொழிலாளி பக்கக் கணக்கிற் கூலி பெற்றவர். பாத்திரங்களின் உரிமை நிறுவனத்துக்கு. 1970இல் மார்வெலை விட்டுச் சென்றார். தாம் கையால் வரைந்த தாள்களையே திரும்பப் பெற 1980களிற் போராடினார். பல ஆயிரம் பக்கங்களுள் ஏறத்தாழ 2,000 மட்டும் 1987இற் கிடைத்தன. 1994இற் காலமானார். 2009இல் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு மார்வெலை வாங்கிற்று. கேர்பியின் பிள்ளைகள் தொடுத்த வழக்கு கீழ் நீதிமன்றங்களிலே தோற்று, உச்ச நீதிமன்றத்தின் வாயிலில் நின்றபோது, 2014இற் சமரசமாயிற்று. கலக்டஸ் எவ்வாறு உண்பான் என்பதைக் கேர்பி எங்கே கற்றார் என்று கேட்பவர் இந்த ஆண்டுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

2007இல் வந்த திரைப்படம் கலக்டஸை ஒரு மேகமாக்கிக் காட்டியது. முகமும் உடலும் இல்லை. 2025இன் படம் உடலைத் திருப்பித் தந்து, தூதனைப் பெண்ணாக்கியது. மாணவர் வாதம் அப்பெண் சரியா தவறா என்பதிலேயே நின்றுவிட்டது. உயர்தர வகுப்பில் இவ்விதழைப் படிக்கக் கொடுக்க விரும்பும் ஆசிரியர், அலீசியாவின் அறைக்குள் நிகழும் பக்கங்களை மட்டும் எடுத்து, பக்கத்தில் ஹேர்ட்மன் அறிக்கையின் முதல் தொகுதியையும் வைத்துப் பார்க்கட்டும். விலங்கியல் பயிலும் பிள்ளைகளை அவ்வகுப்பில் முன்வரிசையில் இருத்துவது நல்லது. நாளை துளையிடும் கருவியோடும் மாதிரிப் பைகளோடும் இம்மணலில் இறங்க வேலை கிடைக்கப் போவது அவர்களுக்கே.