சமூகம் என்பது எத்தனை பேர்?

புதிதாக ஒரு ஒற்றைப் பலகைக் கணினி வாங்கலாமா என்று யாராவது கேட்டால் தவறாமல் வரும் பதில் ஒன்று உண்டு: “தாராளமா வாங்குங்க, நல்ல கம்யூனிட்டி சப்போர்ட் இருக்கு.” கேட்டவர் நிம்மதியாகிவிடுவார். அந்தச் சமூகத்தில் எத்தனை பேர் என்று அவர் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

தொழில்நுட்ப உலகில் நான் மிகவும் சந்தேகப்படும் சொல் இந்தச் ‘சமூகம்’தான். சொல்லில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஒரு ஆள் இருக்க வேண்டிய இடத்தை அது மறைத்துக்கொண்டு நிற்பதுதான் என் பிரச்சினை.

ஒரு ஆள் ஏன் தேவை என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேசைக் கணினியில் லினக்ஸ் ஏற்றுவது பெரும்பாலும் சுலபம். தன்னிடம் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று கணினியே இயங்குதளத்திடம் சொல்லிவிடும். கையகல ஆர்ம் போர்டுகளில் பெரும்பாலானவை அப்படியல்ல, ஊமைகள். நினைவகத்தின் எந்த முகவரியில் யுஎஸ்பி இருக்கிறது, எந்தப் பின்னில் விளக்கு எரியும், எந்த ரெகுலேட்டர் எத்தனை வோல்ட் தரும் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதித் தர வேண்டும். இதற்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். 2011இல் கர்னலின் ஆர்ம் பகுதி கிடந்த அலங்கோலத்தைப் பார்த்து லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகக் கோபப்பட்ட பிறகுதான் இந்த முறை அங்கே வேகம் பிடித்தது. ஒரே சில்லை வைத்துச் செய்த இரண்டு போர்டுகளுக்குக்கூடத் தனித்தனிக் கோப்பு வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, கர்னல் மாறும்போதெல்லாம் அந்தப் போர்டைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் இயக்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஆனால் அச்சாணி கழன்றிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர் ஒருவர்தான்.

ராஸ்பெரி பையின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த முதல் பையில் இருந்தது ஆர்ம்வி6 வகைச் செயலி. டெபியனின் வேகமான ஆர்ம் பதிப்புக்கு ஆர்ம்வி7 வேண்டும். பழைய பதிப்பு ஓடும், ஆனால் தசமக் கணக்குகளை மென்பொருளிலேயே போட்டு மெதுவாக ஓடும். இந்தச் சந்தில் மாட்டிக்கொண்ட போர்டுக்காக டெபியனின் ஆயிரக்கணக்கான தொகுப்புகளையும் மறுபடி கட்டி உருவானதுதான் ராஸ்பியன். முன்னின்று செய்தவர்கள் மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் என்ற இருவர். ராஸ்பெரி பை அறக்கட்டளையைச் சாராத முயற்சி அது. இன்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் ‘சமூகம் செய்தது’ என்கிறார்கள். இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமா?

தன்னார்வத் திட்டங்களில் இந்த விஷயத்தில் ஓரளவு நேர்மையானது ஆர்ம்பியன். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த இகோர் பெச்சோவ்னிக் தொடங்கிய இத்திட்டம் பல நிறுவனங்களின் போர்டுகளுக்கு டெபியன், உபுண்டு வழிப் பதிப்புகளைக் கட்டித் தருகிறது. பெயர் சொல்லிப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தால் அந்தப் போர்டு முறையான ஆதரவுப் பட்டியலில் இருக்கும். ஆள் விலகினால் ‘சமூகப் பராமரிப்பு’ என்ற பட்டியலுக்கு இறங்கிவிடும். இந்தப் பெயரை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள் என்று தொனிக்கிறது. உண்மையான அர்த்தம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான்.

இதோடு லினக்ஸ் கர்னலில் உள்ள மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பை ஒப்பிடலாம். ஒவ்வொரு பகுதிக்கும் யார் பொறுப்பு, அதன் நிலை என்ன என்று சொல்லும் நீளமான பட்டியல் அது. ‘ஆதரவு உண்டு’ என்றால் யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு பார்க்கிறார்கள் என்று பொருள். ‘பராமரிக்கப்படுகிறது’ என்றால் ஒருவர் உண்மையிலேயே கவனிக்கிறார். அடுத்த நிலையில் ஆள் உண்டு, நேரம் இல்லை. எப்போதாவது ஒரு திருத்தம் வரும். அதற்கும் கீழே ‘அநாதை’. உணர்ச்சியே இல்லாத இந்த வகைப்பாட்டில் கூலிக்கும் அன்புக்கும் களைப்புக்கும் கைவிடலுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ‘சமூகம்’ என்று ஒரு நிலை மட்டும் இல்லை. எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சொல்லால் அதிகம் லாபம் அடைபவர்கள் போர்டு விற்பவர்கள். பழைய கர்னல் ஒன்றைத் தட்டிமுட்டி இயக்கி, ஒரு இமேஜைப் பதிவேற்றிவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விடுவது இந்தத் தொழிலில் சகஜம். ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பது இதற்காகவே சொன்ன பழமொழி போலிருக்கிறது. ஆல்வின்னர் சில்லுகளுக்கான ஆதரவு முதன்மைக் கர்னலுக்குள் வந்ததில் பெரும்பங்கு லினக்ஸ்-சன்ஷி தன்னார்வலர்களுடையது. அதே சில்லுகளில் வீடியோவை வன்பொருள் உதவியோடு ஓட்டும் டிரைவரை எழுத 2018இல் பூட்லின் என்ற பிரெஞ்சு நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்ட வேண்டியிருந்தது. சில்லு விற்ற காசு ஒரு பக்கம். அதை முழுதாக இயக்க உண்டியல் மறுபக்கம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் ஆதரவைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் பையை இத்தனை ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பதில் அதன் நிறுவனம் பொறியாளர்களுக்குத் தரும் சம்பளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குறுக்குத் தொகுப்பை ஏற்காமல், ஒவ்வொரு வகை இயந்திரத்துக்குமான பதிப்பை அந்த வகை இயந்திரத்திலேயே கட்டும் ஓப்பன்பிஎஸ்டி, 2014இல் சுமார் 20,000 டாலர் மின்கட்டணத்துக்காக வெளிப்படையாகக் கையேந்தியது. அதில் அவமானம் எதுவும் இல்லை. கரண்ட் பில்லைச் ‘சமூகம்’ கட்டாது, யாராவது ஒருவர்தான் கட்ட வேண்டும் என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ‘அநாதை’ என்று பலகை மாட்டினால் அந்தப் போர்டின் பக்கம் யாரும் வரமாட்டார்கள். ‘சமூகம்’ என்ற தெளிவில்லாத சொல் ஒரு திறந்த கதவு. தன் போர்டில் வைஃபை வேலை செய்யவில்லை என்று வந்தவர்தான் நாளைக்குப் பராமரிப்பாளர் ஆகிறார். இதை நான் மறுக்கவில்லை. பலர் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். ஆனால் வந்தவரை அங்கேயே நிற்க வைப்பது எது? நாலு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தால் நாலு பேரும் அடுத்தவர் பார்ப்பார் என்று போய்விடுவோம். ‘இந்த இடம் காலி’ என்று எழுதியிருந்தால் நமக்கான அழைப்பு என்று ஒருவருக்காவது தோன்றும்.

போர்டு பொழுதுபோக்காக மட்டும் இருக்கும்வரை இதெல்லாம் சின்ன விஷயம். கதவுப் பூட்டிலும் மோட்டார் ஸ்விட்சிலும் பள்ளிக்கூட ஆய்வகத்திலும் அது போய் உட்கார்ந்த பிறகு, பாதுகாப்புத் திருத்தம் வராத கர்னல் அங்கேயே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அதை நம்பி இருப்பவர்களுக்குச் ‘சமூகம்’ என்ற சொல்கூடத் தெரிந்திருக்காது.

அதனால் தன்னார்வத் திட்டங்களிடம் ஒன்று கேட்கிறேன்: எத்தனை போர்டுகளில் ஓடுகிறது என்ற பெருமைக் கணக்குக்குப் பக்கத்தில், எத்தனை போர்டுகளுக்கு ஆள் இருக்கிறார் என்ற கணக்கையும் போடுங்கள். வாங்குபவர்களிடமும் ஒன்று: “கம்யூனிட்டி சப்போர்ட் இருக்கா?” என்று கேட்காதீர்கள். “யார் பார்த்துக்கிறாங்க?” என்று கேளுங்கள். ஒரு பெயர் கிடைத்தால், முடிந்தால் அவருக்கு ஒரு போர்டு வாங்கி அனுப்புங்கள், அல்லது அவர் கேட்கும் சோதனையை ஓட்டிப் பார்த்து முடிவைச் சொல்லுங்கள். பெயர் கிடைக்கவில்லை என்றால் அந்தப் போர்டின் நிலை என்ன என்பது அப்போதே தெரிந்துவிடும்.