மிகைப் பாடல்களும் பதிப்பாசிரியர் கடமையும்

கோயம்புத்தூர் கம்பன் அறநிலை 1990-களில் உரையுடன் வெளியிட்ட கம்பராமாயணத் தொகுதிகள் கொங்குநாட்டுப் பதிப்புப் பணிகளுள் பெரியதொன்று. பேராசிரியர் அ. ச. ஞானசம்பந்தன் முதலிய அறிஞர் பலர் கூடிச் செய்தது. பதவுரை, விளக்கங்களின் சிறப்பைப் பலரும் பேசியுள்ளனர். ஈண்டு ஆராய்வது ஒன்றே: கம்பர் வாக்கென்று உறுதிப்படாத பாடல்களை மூலத்தினின்று பிரித்து, ‘மிகைப் பாடல்கள்’ எனத் தனியே வைத்த முறை.

இம்முறை பக்தர் சிலர்க்கு வருத்தம் தருவது இயல்பே. தலைமுறை தலைமுறையாக வாயாரப் பாடிவந்த பாட்டை மிகையென்று ஒதுக்க இவர்கள் யார் என்று கேட்பர். ஹிரணியன் வதை வான்மீகத்தில் இல்லாதது. திருவரங்கத்து அரங்கேற்றத்தில் அதற்குத் தடை எழுந்தபோது மேட்டழகியசிங்கர் சிரக்கம்பம் செய்து ஏற்றருளினார் என்பது ஐதிஹ்யம். பெருமாளே ஒரு சேர்க்கையை உகந்திருக்க, மற்றவற்றை விலக்குவானேன் என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்தில் இரண்டு சேர்க்கைகள் ஒன்றாகக் குழைகின்றன. ஹிரணியன் வதையைக் கம்பர் தம் பெயராலேயே பாடினார்; அதற்குத் தாமே பொறுப்பேற்றுச் சபையில் நின்றார். ஏடெழுதினோர் இடைச்செருகிய பாட்டோ கம்பர் பெயருள் மறைந்து நிற்கிறது. முன்னது கவியின் உரிமை. பின்னதற்குப் பொறுப்பேற்பார் எவருமில்லை.

நம் ஸம்ப்ரதாயத்தில் இதற்கு உரைகல் உண்டு. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி லுப்தமாயிற்று. மணவாளமாமுனிகள் நினைத்திருந்தால் முழுவதற்கும் புதிதாக அருளிச்செய்திருக்கலாம். இழந்த பகுதிக்கு மட்டுமே வ்யாக்யானமிட்டு, எஞ்சியதைப் பூர்வாசார்யர் வாக்காகவே விட்டருளினார். ஈட்டில் எடுத்தாளப்பட்ட மேற்கோள்களின் ஆகரங்களைத் தேடிப் ப்ரமாணத்திரட்டும் அருளினார். எது யாருடைய வாக்கு என்பதைக் கலங்காமற் காத்தலே பதிப்புத் தொழிலின் உயிர் என்பதற்கு இவற்றினும் மேற்பட்ட சான்று வேண்டா.

இவ்வளவுகோலால் நோக்கினால் கோவைப் பதிப்பு செய்தது நன்றே. மிகைப் பாடல்களை அழித்திருந்தால் ஆராய்வார்க்குப் பொருளில்லை. கலந்திருந்தால் கவிக்கு அநீதி. தனியே வைத்ததனால் பாடுவார்க்குப் பாட்டு எஞ்சியது, ஆராய்வார்க்கு வழி திறந்தது.

இனி இத்தகைய பணியில் இறங்குவோர்க்கு ஒன்று கூறலாம். ஒரு பாட்டை ஒதுக்கும்போது எந்த ஏட்டில் உளது, எதில் இல்லை, நடையில் என்ன வேறுபாடு என்பன அப்பாட்டின் அடியிலேயே அச்சாதல் வேண்டும். பலர் கூடிச் செய்யும் பதிப்பில் இது இன்னும் இன்றியமையாதது. குழுவின் முடிவு என்பது காரணம் ஆகாது. நாளை வேறோர் ஏடு கிடைத்து, ஒதுக்கிய பாட்டு கம்பருடையதே என்று தெளியவுங்கூடும். அன்று அதனை உரிய இடத்தில் மீட்டுவைக்க, இன்றைய பதிப்பாசிரியர் எழுதிவைத்த காரணமே துணையாகும்.