மரம், புல், கூடை: மூங்கில் குறித்த சொல்லாடல்கள் பற்றிச் சில குறிப்புகள்

சூழலியல் பேசுகிற நண்பர்கள் வழியாக ஒரு துண்டுப்பிரசுரம் கைக்கு வந்தது. எட்டுப் பக்கம், வழவழப்பான தாள். மூங்கில் 'பச்சைத் தங்கம்', மூங்கில் 'அதிசயப் புல்', வெட்ட வெட்டத் தழைக்கும், மண்ணைப் பிடிக்கும், இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாற்று, ஆகவே விழுப்புரம் மாவட்டம் முழுக்க நடுவோம் என்கிறது. அதைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை செஞ்சிக்குப் போனேன். ஆட்டுச் சந்தை கலைந்துகொண்டிருந்தது. கோட்டைக்குப் போகிற வழியில் ஓர் அம்மா தெருவோரம் உட்கார்ந்து கழியைப் பிளந்து முறம் முடைந்துகொண்டிருந்தார். பிரசுரத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று தேடினேன். மண் இருக்கிறது, கார்பன் இருக்கிறது, 'விவசாயி' இருக்கிறார், 'தொழில்முனைவோர்' இருக்கிறார். வெட்டுகிற, பிளக்கிற கை மட்டும் இல்லை.

இந்த இன்மையைத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

'வெட்ட வெட்டத் தழைக்கும்' என்கிற தொடரை எடுத்துக்கொள்வோம். தழைப்பது மூங்கில். வெட்டுவது யார்? எழுவாய் இல்லை. இது இலக்கணம் தருகிற சலுகை மட்டுமல்ல, கருத்தியலும்தான். தழைத்தல் புல்லின் உடம்பிலேயே இருக்கிற குணம், யார் வெட்டினாலும் எப்படி வெட்டினாலும் அது நடந்துவிடும் என்பதாக ஒரு நம்பிக்கை இந்தத் தொடருக்குள் கட்டமைக்கப்படுகிறது.

பிரசுரம் சொல்வது பொய் என்று சொல்ல வரவில்லை. மூங்கில் புல்தான். மண்ணுக்குக் கீழே அதன் தண்டு பரவிக் கிடக்கிறது, மழைக்காலத்தில் அதிலிருந்து முளை கிளம்புகிறது. அந்த ஒரு பருவத்திலேயே கழி தன் முழு உயரத்தை எட்டிவிடும். அப்புறம் மூன்று நான்கு வருடம் அது உயர்வதில்லை, முற்றுகிறது. முற்றியதை எடுத்தால் புதர் சாவதில்லை. நம் மாவட்டத்துச் சவுக்குத் தோப்பை நினைத்துப் பாருங்கள்: சில வருடத்துக்கு ஒருமுறை மொட்டையடித்து, அடியையும் தோண்டி எடுத்து, மறுபடி கன்று நட வேண்டும். நடுவில் மண் வெயிலிலும் மழையிலும் அம்மணமாகக் கிடக்கும். மூங்கிலில் அந்த இடைவெளி இல்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. செஞ்சி மலைகளில் பிறந்து வீடூர் அணை வழியாகப் புதுச்சேரி போகும் சங்கராபரணியில் வெள்ளம் எப்படி வந்தது என்பதைக் கரையோரத்து மக்கள் மறக்க மாட்டார்கள். அந்தக் கரையில் மூங்கில் வேர் பின்னிக் கிடந்தால் நல்லது. இதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் 'மற்ற மரங்களைவிட 35 சதவீதம் அதிகம் பிராணவாயு' என்று பிரசுரம் அடிக்கிறதே, எந்த மரம், எந்த வயது, எந்த மண் என்று கேட்டால் பதில் கிடையாது. மந்திரம் மாதிரி கைமாறிக்கொண்டிருக்கிற எண் அது. கார்பன் கணக்கும் அப்படியே. வெட்டாமல் விட்ட கழி பத்து வருடம் போல நின்று, செத்து, மக்கி, பிடித்து வைத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். முழுக்க வெட்டித் தள்ளினால் புதர் நலிந்துவிடும். வெட்டிய கழியை நீரில் ஊறப்போட்டோ, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றியோ பக்குவப்படுத்தாவிட்டால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். அதாவது 'மீளுருவாதல்' என்பது தாவரத்தின் பண்பு அல்ல. தாவரத்துக்கும் அதை வெட்டுகிறவருக்கும் இடையிலான உறவு.

இதற்குக் கர்நாடகத்தில் ஒரு சாட்சி உண்டு. 1970களின் நடுவில் அங்கே கூடை முடைவோர், காகித ஆலைகள் மூங்கில் காட்டை அழிக்கின்றன என்று முறையிட, சூழலியலாளர் மாதவ் காட்கில் ஆராயப் போனார். தாண்டேலி ஆலைக்கு டன் இரண்டு ரூபாய்க்கும் குறைவாக மூங்கில் தாரைவார்க்கப்பட்டிருந்தது. அதே மூங்கிலைக் கூடை முடைகிறவர் சந்தையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இதைவிட முக்கியமானது முள் விஷயம். புதரின் அடியில் பின்னிக் கிடக்கும் முள்ளைச் சுத்தம் செய்தால் மூங்கில் நன்றாக வளரும் என்பது அதிகாரிகளின் 'அறிவியல்'. முள்ளை எடுத்தால் முளையை மாடு தின்றுவிடும் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். ஆராய்ந்தபோது ஊர்க்காரர்கள் சொன்னதே சரியாக இருந்தது. முளையைக் காத்தது அந்த முள், முள்ளை விட்டுவைக்கத் தெரிந்த கை.

நாமும் இதில் சுத்தமில்லை. தேக்கு வளர்க்கிற வெள்ளைக்கார வன அதிகாரிக்கு மூங்கில் ஒரு காலத்தில் வெறும் களை. கூழாக்கித் தாள் செய்யலாம் என்று தெரிந்ததும் அது மூலப்பொருள் ஆனது. 1925இல் மூங்கில் காகிதத் தொழிலைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது. புரட்சியையும் அமைப்பியலையும் நாம் அச்சடித்த தாளில் எவ்வளவு மூங்கில் காடு போயிற்றோ!

செஞ்சியில் ராஜகிரிக்கு அடியில் நின்றால் ஒரு தமிழ் எம்.ஏ.வுக்குப் பறம்பு மலை நினைவுக்கு வராமல் இருக்காது. புறநானூறு 109இல் மூவேந்தர் முற்றுகையிட்ட பாரியின் மலையைக் கபிலர் பேசுகிறார். உழாமல் விளைவன நான்கு அங்கே உண்டு, ஆகவே பறம்பு விழாது என்பது வாதம். அந்த நான்கில் முதலாவது மூங்கில் நெல். இதை இயற்கையின் வள்ளன்மை என்று வாசித்துப் பழகிவிட்டோம். கீழே செஞ்சியின் களஞ்சியத்தைப் பார்த்தபோது வேறு மாதிரி தோன்றியது. 1690 முதல் 1698 வரை சுல்பிகர் கானின் படை சூழ்ந்திருக்க ராஜாராம் இருந்த கோட்டை இது. இங்கே அரணுக்குச் சோறு போட்டது உழுகுடியிடம் பிடுங்கிச் சேர்த்த தானியம். பறம்பில் சோறு போட்டது யாருடைய களஞ்சியத்துக்கும் போகாத மூங்கில். இரண்டும் இரண்டு விதமான உடைமை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகளோடு செஞ்சியையும் மரபுச் சின்னமாக்கியது. கல்லுக்கு மரபு கிடைத்துவிட்டது.

(மூங்கில் நெல்லையும் ரொம்பக் கொண்டாட வேண்டாம். கூட்டமாகப் பூத்து, நெல் தந்து, புதர் மடியும். மிசோரத்தில் 1958-59இல் அப்படிப் பூத்தபோது எலிகள் பெருகி வயலைத் தின்றன. அந்தப் பஞ்சத்தை அரசு கண்டுகொள்ளாததிலிருந்து கிளம்பிய பஞ்ச நிவாரண அமைப்பு மிசோ தேசிய முன்னணியாக மாறியது. 1966இல் ஆயுதக் கிளர்ச்சி, ஐஸால் மீது இந்திய விமானங்களின் குண்டு. ஒரு புல் பூத்த கதையை அரசை விட்டுவிட்டுச் சொல்ல முடியவில்லை.)

அரசு இந்தப் புல்லை என்ன பெயரிட்டு அழைத்தது? 1927ஆம் ஆண்டு இந்திய வனச்சட்டம் மூங்கிலை 'மரம்' என்றது. மரம் என்றால் வெட்டவும் எடுத்துப்போகவும் அனுமதி வேண்டும். தொண்ணூறு வருடம் கழித்து, 2017இல், சட்டத்தின் மர வரையறையிலிருந்து மூங்கில் நீக்கப்பட்டது. காட்டுக்கு வெளியே வளர்ப்பதற்காக, வளர்க்கிறவருக்காக. (தமிழ்நாட்டில் வழங்குவது 1882ஆம் ஆண்டு வனச்சட்டம் என்பதைப் பிரசுரம் கவனிக்கவே இல்லை.) காட்டுக்குள் உள்ளதற்கு 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அது மூங்கிலைச் சிறு வன விளைபொருள் என்கிறது, உரிமை காட்டில் வாழ்வோருக்கு. அப்போதும் வனத்துறை 'மூங்கில் மரமாச்சே' என்று மல்லுக்கட்டியது. மகாராஷ்டிரத்தின் மேண்டா லேகா கிராமசபை விடாமல் போராடி, 2011 ஏப்ரலில் மூங்கிலை எடுத்துப்போகும் அனுமதிச் சீட்டைத் தானே வழங்கும் உரிமையை வாங்கியது.

இரண்டு சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு செஞ்சித் தெருவோரத்து அம்மாவைப் பாருங்கள். நிலம் இல்லை, எனவே 2017 அவருக்கு இல்லை. காட்டில் குடியிருக்கவில்லை, எனவே 2006உம் இல்லை. மரம் என்றாலும் புல் என்றாலும் அவர் வெளியே.

"எங்க தம்பி வெட்டறது? லாரில வர்றத வாங்கறோம். பாதி முத்தல். முத்துனது பிளாச்சுக்கு வராது, பட்டுனு ஒடியும். வருசத்துக் கழிதான் வளையும்" என்றார். இதுதான் பிரசுரத்தில் இல்லாத அறிவு. வீட்டுக்கும் பந்தலுக்கும் மூன்று நான்கு வருடக் கழி, முறத்துக்கு இளங்கழி. ஒரே புதரில் யார் எதை எடுப்பது என்பது ஓர் ஏற்பாடு.

அவர் முடைந்த முறத்தில் ஊர் அரிசி புடைத்தது, அவரை ஊருக்கு வெளியே வைத்தது. மலக்கூடையும் மூங்கில்தான், பாடையும் மூங்கில்தான். அந்தத் தொழில் சாதியாக நீடிக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் வாசித்துவிட வேண்டாம். தன் பேத்தி இதைத் தொடக்கூடாது என்று அந்த அம்மாவே சொன்னார். நியாயம். ஆனால் அதே மூங்கில் 2022 நவம்பரில் திறந்த பெங்களூரு விமான நிலைய இரண்டாம் முனையத்தின் கூரையில் ஏறினால் 'வடிவமைப்பு', முறத்தில் இருந்தால் 'கைவினை' என்கிற பாகுபாட்டை நாம் எதிர்க்காமல் பசுமை பேச முடியாது. பசுமை என்கிற சொல்லே எதையும் மூடும் போர்வைதான். மூங்கில் நாரைக் கார்பன் டைசல்பைடு உள்ளிட்ட வேதிப்பொருள்களால் கரைத்து இழுத்த ரேயானை 'மூங்கில் துணி' என்று விற்றதற்காக 2013இல் அமேசான் உட்பட 4 நிறுவனங்கள் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 12 லட்சத்து 60 ஆயிரம் டாலர் அபராதம் கட்டின.

சரி, நடலாமா வேண்டாமா? நடலாம், சங்கராபரணிக் கரைப் புறம்போக்கில். ஆழ்குழாய்க் கிணறு போட்டு மேட்டு நிலத்தில் பாய்ச்சுகிற தோட்டமாக வேண்டாம். செஞ்சியின் காய்ந்த மண்ணில் அது நிலத்தடி நீரை எடுத்துக் கார்பன் கணக்கு எழுதுகிற வேலையாகிவிடும். நடும்போதே வெட்டும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும், இளங்கழியில் முதல் பங்கு முடைகிறவருக்கு என்று. இதே மாவட்டத்தில் ஆரோவில் மூங்கில் மையம் கட்டுமானப் பயிற்சி தருகிறது. அங்கே தேவைப்படுவது முற்றிய கழி. இளசை அதிகம் எடுத்தால் மூன்றாம் வருடம் முற்றியது குறையும். ஆக முடைகிறவருக்கும் கட்டுகிறவருக்கும் முரண் கண்டிப்பாக வரும். அதை ஊராட்சி தீர்ப்பதா, முடைகிறவர்களும் உட்கார்ந்திருக்கிற தனிக்குழு தீர்ப்பதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஊராட்சியில் யார் குரல் எடுபடும் என்பது நமக்குத் தெரியும். களத்தில் இருக்கிற தோழர்கள் இதற்கு எதிர்வினை எழுத வேண்டும்.