தராசுக்கு அகப்படாத மோதிரம்

ஸ்பெயினின் தொலேதோ நகரத் தெருக்களில் கறுப்பும் பொன்னுமான மோதிரங்கள் கண்ணாடிப் பெட்டிகளில் நிறைந்து கிடக்கும். போனமுறை ஒன்றை வாங்கிவந்தேன். நண்பர் ஒருவர் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதில எத்தனை பவுண் தேறும்?" என்றார். நிறைய வாசித்தவர், கலை இலக்கியம் குறித்து எழுதுபவர். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுதவைத்தது.

அதில் தங்கம் மிகச் சொற்பம். மோதிரம் உருக்கு. அதன் முகத்தைக் கூரிய கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக மிக நெருக்கமாகக் கீறி, அந்தச் சொரசொரப்பின்மேல் மயிர் போன்ற 24 கரட் கம்பியை வைத்துத் தட்டுகிறார்கள். கீறலின் பிசிர்கள் கம்பியைக் கவ்விக்கொள்கின்றன. பசையுமில்லை, பற்றாசுமில்லை. பிறகு கோஸ்டிக் சோடாவும் வெடியுப்பும் கலந்த கொதிநீரில் இட்டால் உருக்கு கறுக்கும், தங்கம் கறுக்காது. கடைசியாகச் சிற்றுளியால் பொன்மேல் கோடும் புள்ளியும் போடுவார்கள். (மெஷினில் செய்தவையும் அதே தெருவில் விற்பனைக்குண்டு. கையால் செய்ததில் இரண்டு இலைகள் ஒன்றுபோல் இரா.)

பாஸ்க் நாட்டு எய்பார் துப்பாக்கி செய்த ஊர். ஆயுதங்களில் இருந்த இந்த வேலையைப் பெட்டிகளுக்கும் சாடிகளுக்கும் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் அவ்வூரின் பிளாசிடோ ஸுலோவாகா (1834–1910). தன் வேலைகளில் தன் பெயரையும் பொறித்தவர். 1997இல் லண்டன் விக்டோரியா அல்பேர்ட் மியூசியத்தில் அந்தக் குடும்பத்தின் வேலைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. உருக்கி எடுத்தால் ஆதாயமில்லாத பொருள் என்பதும் அவை மிஞ்சியதற்கு ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

எம்மிடம் என்ன மிஞ்சியிருக்கிறது? அம்மாவின் அட்டியலைச் செய்த பத்தரின் பெயர் எனக்குத் தெரியாது. விறாந்தையில் இருந்து அவர் வேலை செய்கையில் காவலுக்கு ஒரு ஆள் எதிரே இருக்கும். தாயின் பொன்னிலும் தட்டான் களவெடுப்பான் என்ற பழமொழியை அவர் காதுபடவே சொல்லிச் சிரித்திருக்கிறோம். பொன்னை நிறையாக மட்டும் பார்க்கும் சமூகத்துக்கு அதைச் செய்பவன் கள்ளனாகத்தான் தெரிவான். இதில் சாதியின் பங்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அகதிக்கு உருக்கக்கூடிய பொன்தான் கைகொடுக்கும் என்பார்கள். மறுக்கவில்லை. அந்த அட்டியல் அக்காவுக்குக் காப்பாகி, 1986இல் அந்தக் காப்பே என் ஏஜென்சிக் காசானது. ஆனால் அடைவுகடைக்காரனின் தராசையே விமர்சகனும் கையில் எடுப்பதுதான் எனக்குப் பிரச்சினை. செய்தவனையும் அவன் வேலையையும் பற்றிப் பேச எமக்குச் சொற்களே சேரவில்லை.

சென்ற மாதம் அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன், அட்டியலின் நடுப்பதக்கத்தில் இருந்தது என்ன பூவென்று. அவவுக்கு ஞாபகமில்லை. "ஏழரைப் பவுண்" என்றா.