அதட்டும் பஸ், அடங்கும் பஸ்

மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் பஸ்ஸில் இருவர் சீட்டில் ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து இடம் காலி. ஏறுகிற ஆண், நின்றுகொண்டு வந்தாலும் வருவாரே தவிர அங்கே உட்கார யோசிப்பார். விவரம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் கண்டக்டர் பார்த்துக்கொள்வார். "சார், நீங்க முன்னாடி போங்க. அக்கா, நீங்க அந்தப் பாட்டிகிட்ட மாறிக்கங்க" என்று ஆடுபுலி ஆட்டத்தில் காய் நகர்த்துவதுபோல ஆட்களை நகர்த்திவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். டவுன் பஸ்ஸில் ஜன்னலுக்கு மேல் 'மகளிர்' என்று எழுதியிருக்கும். வெளியூர் வண்டியில் பெரும்பாலும் எழுத்தே தேவைப்படுவதில்லை.

இதைக் கொழும்பில் செய்தால் கண்டக்டரை விநோதமாகப் பார்ப்பார்கள். காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் தோளுரச உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், வயதான அம்மாமார் முதலில் ஒரு பெண்ணின் பக்கத்தில் இடம் தேடுவதுண்டு, அவ்வளவுதான். கண்டக்டரின் கவலையெல்லாம் "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு இடமிருக்கு" என்பதோடு முடிந்துவிடும்.

அங்கே மீறக்கூடாத கோடு வேறு. முன் சீட் மதகுருமாருக்கு என்று எழுதியே இருக்கும். பிக்கு ஒருவர் ஏறினால் அதில் இருப்பவர் எழும்பிவிடுவார். எந்தப் பலகையிலும் எழுதாதது அடுத்த விதி: பிக்குவின் பக்கத்தில் பெண் உட்காரக்கூடாது. தெரியாத வெளிநாட்டுப் பெண் ஒருத்தி அப்படி உட்கார்ந்தால் யாரும் சத்தம் போடுவதில்லை. பிக்கு ஜன்னல் பக்கமாக ஒடுங்குவார். பின் சீட்டிலிருக்கும் அம்மா மெல்லத் தோளைத் தொட்டு, வேறொரு இடத்தைக் கண்ணால் காட்டுவார். பஸ்ஸில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது.

தமிழ்நாட்டு பஸ்ஸிலோ எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும். "ஏம்ப்பா, லேடீஸ் சீட்டுன்னு தெரியல? எந்திரி" என்று ஒருவர் ஆரம்பித்தால், கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரும் கண்ணைத் திறந்து தன் பங்குக்கு ஒன்று சொல்வார். எந்த விஷயத்துக்கும் பஞ்சாயத்து கூடும். துண்டு போட்டுப் பிடித்த சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்தால், துண்டுக்காரர் ஏறி வருவதற்குள் சாட்சிகள் தயாராகிவிடுவார்கள். ஒரு துண்டுக்கு இத்தனை சட்ட மரியாதை வேறெங்கும் கிடைக்காது.

பார்க்க இலங்கையின் அமைதி நாகரிகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மீறுகிறவன் கெட்ட எண்ணத்தோடு வரும்போது அதே அமைதி அவனுக்கு வசதியாகிவிடுகிறது. இலங்கையில் பெண்களிலும் சிறுமிகளிலும் 90 சதவீதமானோர் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் ஆய்வு சொன்னது. பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம்தான். சட்டம் இல்லாமல் இல்லை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் இதற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. பஸ்ஸுக்குள் ஒருவரும் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பிரிவு புத்தகத்திலேயே கிடக்கும்.

தமிழ்நாட்டின் சத்தமும் சுத்தத் தங்கமில்லை. கட்டம் போட்ட சட்டைக்காரனிடம் எகிறுகிற குரல், கட்சிக் கரை வேட்டியைப் பார்த்ததும் இறங்கிவிடும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்தாலும், ஊருக்குப் புதியவர்கள் என்றால் உறவைச் சொல்லி நிரூபிக்க வேண்டியிருக்கும். தொந்தரவும் அங்கே ஒழிந்துவிடவில்லை. பெண்களைச் சீண்டுவதைத் தடுக்க 1998இல் தனிச் சட்டம் வந்தது. 2022இல் மோட்டார் வாகன விதிகளையும் திருத்தி, பெண்களை முறைப்பவரை, விசிலடிப்பவரை வண்டியிலிருந்து இறக்கிவிடக் கண்டக்டருக்கு அதிகாரம் தர வேண்டியிருந்தது.

ஆனாலும் அந்த விதி அங்கே கண்டக்டருக்குப் புதிய பழக்கம் எதையும் கற்பிக்கவில்லை. அவர் ஏற்கெனவே செய்துவந்த அதட்டலுக்குக் கையெழுத்துப் போட்டது. அதட்டுகிற பஸ், எத்தனை இரைச்சலானாலும், ஒரு பெண்ணுக்குக் கூடுதல் பாதுகாப்பு என்பதே என் கட்சி. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இரவு பஸ்ஸில் போகிறவர்களே, பக்கத்து சீட் பிள்ளை நெளிவதைக் கண்டால், "தம்பி, எழும்பி முன்னுக்குப் போம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கோ.